கடன் தீர்ந்தாச்சு, வில்லங்கம் தீரலையே!

நீலகிரி மாவட்டத்துச் சிறு தேயிலை விவசாயிகளே!

பத்திரத்தை பேங்கில் வைத்துக் கடன் வாங்கினீர்களா? வட்டியும் முதலும் கட்டி முடித்தாச்சா? அப்படியானால் பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் சர்வே நம்பரைப் போட்டு வில்லங்கம் பாருங்கள். பார்ப்பதற்குக் காசு கிடையாது. கட்டி முடித்த கடன் அதில் இன்னும் அப்படியே நின்றால், இந்தப் பிரசுரம் உங்களுக்காகத்தான்.

பத்திரம் ஒப்படைத்துக் கடன் வாங்கும் ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது தமிழ்நாட்டில் 2012-ல் கட்டாயமாக்கப்பட்டது. பதிவானதும் வில்லங்கத்தில் ஏறிவிடும். கடனைக் கட்டினால் தானாக இறங்குமா? இறங்காது. பேங்க் தரப்பில் ரசீது ஆவணம் எழுதிக் கொடுத்து, அதையும் சார்பதிவாளர் ஆபீசில் பதிந்தால்தான் கடன் தீர்ந்ததாகக் கணக்கு. ஏத்துறப்போ காட்டுகிற அவசரம் இறக்குறப்போ இல்லை. போய்க் கேட்டால், "பழைய மேனேஜர் மாறிப் போயிட்டார், அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். மஞ்சூர் பக்கத்திலிருந்து ஒருவர் இதற்காக ஊட்டிக்கு வந்து போனால் அன்றைய கொழுந்து போச்சு, கூலியும் போச்சு. அப்பா பேரில் வாங்கின கடன், அவர் காலமாகிவிட்டார் என்றால் வாரிசுகளின் அலைச்சலைச் சொல்லி மாளாது. கவாத்துக்கோ மறுநடவுக்கோ வேறு பேங்கில் கடன் கேட்டால், வில்லங்கத்தைக் காட்டித் திருப்பி அனுப்புகிறார்கள்.

இதற்கு விதியே இல்லையா? இருக்கிறது. ஆனால் நமக்கில்லை!

ரிசர்வ் வங்கி 13.9.2023 அன்று ஓர் உத்தரவு போட்டது. கடன் முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். எந்தப் பதிவேட்டில் அடமானம் ஏறியிருந்தாலும் நீக்க வேண்டும். தவறு பேங்க் மேல் என்றால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு! 1.12.2023 அன்றோ அதற்குப் பிறகோ பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டிய கடன்களுக்கு இது பொருந்தும். நல்ல உத்தரவுதான். ஆனால் தலைப்பைப் பாருங்கள்: 'தனிநபர் கடன்'. ரிசர்வ் வங்கியின் விளக்கப்படி வீட்டுக் கடன், படிப்புக் கடன், நுகர்வோர் கடன் எல்லாம் அதில் வரும். விவசாயக் கடன் வராது. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியை அந்த உத்தரவு கட்டுப்படுத்தும். நம்மில் பலர் கடன் வாங்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தைக் கட்டுப்படுத்தாது. ஊட்டியில் வீடு கட்டியவர் பத்திரத்துக்கு நாளொன்றுக்கு 5,000. தேயிலை பயிரிட்டவர் பத்திரத்துக்கு "அடுத்த வாரம் வாங்க". இது என்ன நியாயம்?

கடன் முடிந்தால் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 2003 முதலே பேங்குகளுக்கு நடைமுறை விதி உண்டு. அபராதம் இல்லாத விதியை யார் மதிக்கிறார்கள்?

கடைசித் தவணை கட்டுகிற அன்றே நிலுவையில்லாச் சான்று, அசல் பத்திரம், ரசீது ஆவணம் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். நகலில் முத்திரை வாங்காமல் கிளையை விட்டு வெளியே வராதீர்கள். பேங்க் 30 நாளில் பதில் தரவில்லை என்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், கட்டணமில்லை. புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 1.1.2025 முதல் 2 லட்சம் ரூபாய் வரை விவசாயக் கடனுக்கு பேங்க் அடமானம் கேட்கக் கூடாது. கேட்டால் பத்திரத்தை நீட்டாதீர்கள்!

நாம் கேட்பது சலுகை அல்ல. 2023 உத்தரவை விவசாயக் கடனுக்கும் ரிசர்வ் வங்கி விரிவாக்க வேண்டும். அதே விதியைக் கடன் சங்கங்களுக்கு மாநில அரசு போட வேண்டும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் சார்பதிவாளர் ஆபீசுகளில் மாதம் ஒரு நாள் எல்லா பேங்க் அதிகாரிகளும் உட்கார்ந்து, தேங்கிக் கிடக்கும் ரசீதுகளைப் பதிந்து கொடுக்க வேண்டும், பேங்க் செலவில்!