நாலாயிரம் ரூபாய்க்கு ஐபேட் 2 வாங்கலாமா?

"அக்கா, ஆப்பிள் டேப்லெட் ஒண்ணு நாலாயிரத்துக்குக் கிடைக்குது. வாங்கலாமா?"

எங்கள் தெருவில் ரவிக்கை தைக்கும் பெண் போன வாரம் வாசலில் நின்றபடியே கேட்டார். மகள் எட்டாவது படிக்கிறாள். வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறது, பாட வீடியோக்கள் யூடியூபில். வீட்டில் இருப்பதோ ஒரே போன். தைக்கக் கொடுத்தவர்கள் கூப்பிடுவதும் அதே போனுக்குத்தான். மகள் கையில் இருந்தால் ஆர்டர் தவறுகிறது, இவர் கையில் இருந்தால் வீட்டுப்பாடம் தவறுகிறது.

நாலாயிரம் என்றால் அவருக்கு எத்தனை ரவிக்கை என்று எனக்குத் தெரியும். அதனால் கடைக்கு நானும் கூடவே போனேன்.

கடைக்காரர் கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்து வைத்தார். பார்க்க நன்றாகவே இருந்தது. கீறல் இல்லை, அலுமினிய முதுகு பளபளத்தது. "ஐபேட்மா, நின்னு உழைக்கும்" என்றார். எந்த ஐபேட் என்று கேட்டால் "பெரிய ஐபேட்" என்கிறார். ஐபேட் 2, 3, 4 மூன்றும் வெளியே கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். திருப்பிப் பார்த்தால் அடியில் பொடி எழுத்தில் மாடல் எண் இருக்கும். இதில் இருந்தது ஏ1395. அதாவது ஐபேட் 2, வைஃபை மட்டும் உள்ளது, சிம் போட முடியாது. பழைய டேப்லெட் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். விளம்பரத்தில் வெறும் 'ஆப்பிள் ஐபேட்' என்று போட்டிருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை.

இந்தக் கருவியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. 2011 மார்ச் 2-ஆம் தேதி, மருத்துவ விடுப்பில் இருந்த ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேறி அறிமுகப்படுத்தியது இது. முதல் ஐபேட் 13.4 மில்லிமீட்டர் தடிமன். இது 8.8 தான். எடை சுமார் 600 கிராம். உள்ளே இரண்டு கோர் கொண்ட ஏ5 சிப். கேமரா வைத்து வந்த முதல் ஐபேட் இதுதான். ஆனால் பின்பக்கக் கேமராவில் எடுக்கும் போட்டோ ஒரு மெகாபிக்சலைக்கூடத் தொடாது. 9.7 அங்குலத் திரையில் 1024-க்கு 768 புள்ளிகள். அடுத்த வருடம் வந்த மூன்றாவது ஐபேடில் அது நீளத்திலும் அகலத்திலும் இரண்டு மடங்கு. அப்படியிருந்தும் ஐபேட் 2 விற்பனை 2014 வரை நிற்கவில்லை. அந்த அளவுக்குக் கெட்டியான கருவி.

பிறகு ஏன் வேண்டாம் என்கிறேன்?

முதல் காரணம் ராம். இதில் இருப்பது 512 எம்பி. இன்றைக்குச் சாதாரண விலை டேப்லெட்டிலேயே 4 ஜிபி வருகிறது, அதாவது எட்டு மடங்கு. ராம் என்பது தையல் மேஜை மாதிரி என்று அவருக்குச் சொன்னேன். அலமாரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், மேஜை சின்னதாக இருந்தால் ஒரு துணியை எடுத்து வைத்துவிட்டுத்தான் இன்னொன்றை விரிக்க முடியும். ஐபேட் 2 அதைத்தான் செய்கிறது. சஃபாரியில் இரண்டு பக்கம் திறந்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய் வந்தால் முதல் பக்கம் மறுபடி முதலிலிருந்து ஏறும். 2011-இல் இணையப் பக்கங்கள் சிறியவை, அந்த மேஜை போதுமானதாக இருந்தது. இந்த ராமைக் கூட்டவும் வழியில்லை, மெமரி கார்டு போடவும் இடமில்லை.

இரண்டாவது, மென்பொருள். ஐஓஎஸ் 4.3-உடன் வந்த ஐபேட் 2 படிப்படியாக 9.3.5 வரை ஏறி, 2016-இல் நின்றுவிட்டது. ஐந்து வருடத்துக்கு மேல் அப்டேட் கிடைத்தது அந்தக் காலத்தில் பெரிய விஷயம். ஆனால் கடைசியாக ஏறிய ஐஓஎஸ் 9 அந்தச் சிறிய மேஜைக்குக் கனமானது. விசைப்பலகை எழும்பி வரவே கொஞ்சம் யோசிக்கும். யூடியூபின் இப்போதைய ஆப் இதில் ஏறாது. வாட்ஸ்அப், ஐபேடுக்கு என்று தனி ஆப் கொடுத்ததே 2025 மே மாதத்தில்தான். அதுவும் இதில் ஓடாது. சிறுமிக்கு வேண்டிய இரண்டுமே இல்லை என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது.

பலருக்குத் தெரியாத இன்னொரு சங்கதி உண்டு. சில இணையதளங்கள் இதில் 'பாதுகாப்பற்றது' என்று சொல்லித் திறக்க மறுக்கும். தளத்திலும் கோளாறு இல்லை, வைஃபையிலும் இல்லை. ஒவ்வொரு தளமும் நம் கருவியிடம் ஒரு சான்றிதழைக் காட்டும். அதற்குக் கையெழுத்துப் போட்டவர் யார் என்று கருவி தன் பட்டியலில் தேடும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு ஏராளமான தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தருகிறது. அதைப் பழைய கருவிகள் நம்பியது வேறொரு நிறுவனத்தின் மூலச் சான்றிதழை வைத்துத்தான். அந்த மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-ஆம் தேதி காலாவதியாகிவிட்டது. லெட்ஸ் என்கிரிப்டின் சொந்தச் சான்றிதழோ ஐஓஎஸ் 10-இலிருந்துதான் பட்டியலில் இருக்கிறது. ஓய்வு பெற்றுப் போன விஏஓவின் கையெழுத்தை மட்டுமே தெரிந்து வைத்திருக்கும் குமாஸ்தா மாதிரி, ஐபேட் 2 நல்ல தளத்தையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

இவ்வளவையும் கடைக்காரர் பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். "சரிம்மா, ரெண்டாயிரத்து ஐநூறு கொடுங்க" என்றார். தையல்காரப் பெண் என் முகத்தைப் பார்த்தார். நான் செட்டிங்ஸில் ஐகிளவுட் பக்கத்தைத் திறந்தேன். யாரோ ஒருவரின் மின்னஞ்சல் முகவரி அப்படியே இருந்தது. 'ஃபைண்ட் மை ஐபேட்' ஆனில் இருந்தது.

"அது ரீசெட் அடிச்சா போயிடும்மா."

போகாது. 2013-இல் ஐஓஎஸ் 7 வந்ததிலிருந்து ஆப்பிள் கருவிகளில் ஆக்டிவேஷன் லாக் என்ற பூட்டு இருக்கிறது. பழைய உரிமையாளரின் பாஸ்வேர்டு இல்லாமல் எதை அழித்தாலும், திரும்பத் தொடங்கும்போது அதே பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டு நிற்கும். திருட்டைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடுதான். ஆனால் விவரம் தெரியாமல் பணம் கொடுத்தவர் கையில் மிஞ்சுவது கண்ணாடி போட்ட அலுமினியத் தட்டு. பழைய ஐபேட் எந்த மாடலாக இருந்தாலும், விற்பவர் உங்கள் கண்ணெதிரே தன் கணக்கிலிருந்து வெளியேறி, எல்லாவற்றையும் அழித்து, 'ஹலோ' திரை வந்து, அதைத் தாண்டி உங்கள் கணக்கில் நுழைந்த பிறகுதான் பணத்தை எடுங்கள். வைஃபை இல்லாத கடையாக இருந்தால் உங்கள் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்ளலாம்.

"பழைய ஓனரைக் கேட்டுச் சொல்றேன்" என்றார் கடைக்காரர். நாங்கள் எழுந்துவிட்டோம்.

வரும் வழியில் அவர் கேட்டார்: "அப்ப உங்க அம்மா மட்டும் வச்சிருக்காங்களேக்கா, அதே மாதிரிதானே?"

அதே மாதிரிதான். எங்கள் வீட்டிலும் ஓர் ஐபேட் 2 இருக்கிறது, இன்னும் ஓடுகிறது. ஆனால் அம்மா அதில் இணையத்தைத் தொடுவதே இல்லை. கம்ப்யூட்டரில் ஐட்யூன்ஸ் வழியாக நான் ஏற்றிக் கொடுத்த பழைய பாட்டுகள், பேரன் பேத்திகளின் போட்டோக்கள், எப்போதோ இறக்கிய சீட்டு விளையாட்டு, சில கதைப் புத்தகங்களின் பிடிஎஃப். படங்கள் நிறைந்த பெரிய பிடிஎஃப் என்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் திணறும். எழுத்து மட்டும் என்றால் தொல்லையில்லை. கண் சரியில்லாதவருக்கு அந்தப் பெரிய திரை வசதி. ஐஓஎஸ் 7-இலிருந்து தமிழ் விசைப்பலகையும் உள்ளேயே இருப்பதால் பால் கணக்கைத் தமிழிலேயே அடித்து வைக்கிறார். வங்கி, ஜிபே மாதிரி பண விவகாரம் எதையும் அதில் வைக்கவில்லை. பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன கருவியில் வைக்கவும் கூடாது.

உங்கள் அலமாரியிலும் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தால் இந்த மாதிரி வேலை கொடுங்கள். பேட்டரி உப்பித் திரை மேலெழும்பியிருந்தால் மட்டும் சார்ஜ் போடாதீர்கள்.

அவருக்கு நான் சொன்னது: கொஞ்சம் பொறுத்து, பில்லும் வாரண்டியும் உள்ள புது ஆண்ட்ராய்டு டேப்லெட்டாக, 4 ஜிபி ராமுக்குக் குறையாமல் பார்ப்போம். ஐபேட்தான் வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தால், 2014-இல் வந்த ஏர் 2-க்குக் கீழே இறங்க வேண்டாம். அதுவும் வயதானதுதான். அதுவரை மாலை ஆறிலிருந்து ஏழரை வரை போன் மகளுக்கு, அந்த நேரத்துக்கு வாடிக்கையாளர்களுக்கு எங்கள் வீட்டு நம்பர் என்று பேசி வைத்திருக்கிறோம்.

அந்தக் கடைக்கு மறுநாள் நான் மட்டும் ஒருமுறை போனேன். ஐபேட் 2-க்கு வேண்டிய அகலமான 30 பின் சார்ஜர் ஒயர் இப்போது எளிதில் அகப்படுவதில்லை. அவரிடம் இரண்டு இருந்தன. இரண்டையும் வாங்கி வந்துவிட்டேன்.