அந்த ஒரு ஓட்டெடுப்பு எங்கே, மூர் அவர்களே?

மதிப்பிற்குரிய ரொனால்ட் டி. மூர் அவர்களுக்கு,

2009 மார்ச் 20 அன்று 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' விண்வெளித் தொடரை முடித்துவைத்தீர்கள். அந்த முடிவுக்காக நீங்கள் வாங்காத வசவு இருக்காது. கடவுளைக் கொண்டுவந்து கதையைக் கட்டிவிட்டீர்கள் என்பதுதான் அதில் பெரும்பங்கு. அந்தக் கட்சியில் நான் இல்லை. தொடக்க இசையிலேயே காயத்ரி மந்திரம் ஒலித்த தொடர் அது. விஞ்ஞானி பால்டரின் கண்ணுக்கு மட்டும் தெரிந்த அந்தப் பெண் முதல் சீசனிலிருந்தே கடவுளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள். விமானி ஸ்டார்பக் புல்வெளியில் நின்ற இடத்திலேயே மறைந்துபோனதைக்கூட ஏற்றுக்கொள்கிறேன்.

என் வழக்கு வேறு. உங்கள் மக்கள் எதற்கும் சும்மா தலையாட்டுகிறவர்கள் அல்ல. மனிதர் படைத்த எந்திரங்களான சைலான்கள், தப்பிப் பிழைத்தவர்களின் கப்பல்களை 33 நிமிடத்துக்கு ஒருமுறை துரத்திவரும்போதும், தூக்கமில்லாமல் ஓடும்போதும், ஜனாதிபதி ராஸ்லின் வெண்பலகையில் ஆள் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஒரு குழந்தை பிறந்த செய்தி வந்ததும் 47,972-ஐ அழித்து 47,973 என்று எழுதினார். ஒவ்வொரு தலையும் கணக்கில் உண்டு என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தக் காட்சிதான்.

அந்தக் கணக்கு குறைகிறதே என்று அதே ராஸ்லின் கருக்கலைப்புக்குத் தடை போட்டபோது அது தேர்தல் பிரச்சினையானது. தேர்தலில் அவருடைய ஆட்களே தில்லுமுல்லு செய்தார்கள். அதிகாரி கெய்ட்டா அதைக் கண்டுபிடித்தார். எரிபொருள் ஆலைத் தொழிலாளர்களுக்காக தொழிற்சங்கத் தலைவர் டைரல் வேலைநிறுத்தம் அறிவித்தார். ஊரே வெறுத்த பால்டரைக்கூட விசாரணை நடத்தி, மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் விடுதலை செய்தார்கள். சைலான்களோடு கூட்டு சேர்வதா என்ற சண்டை கலகமாக வெடித்து, கெய்ட்டாவும் துணை ஜனாதிபதி ஸாரெக்கும் துப்பாக்கி முனையில் உயிரைவிட்டது கடைசி அத்தியாயத்துக்குச் சற்று முன்புதான்.

இப்படிப்பட்ட ஏறத்தாழ 38,000 பேர் நம் பூமியில் வந்து இறங்குகிறார்கள். நகரம் வேண்டாம், கப்பல்கள் வேண்டாம், எல்லாவற்றையும் விட்டுவிடுவோம் என்கிறார் அட்மிரல் அடாமாவின் மகன் லீ. அவ்வளவுதான். சைலானான ஆண்டர்ஸ் கப்பல்களைச் சூரியனை நோக்கி ஓட்டிச் செல்கிறார். ஒரு முணுமுணுப்பு இல்லை. எல்லோரும் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டார்களே என்று வக்கீல் ரோமோ லாம்ப்கின் வியக்கிறார். புதிதாகத் தொடங்கும் ஆசையைக் குறைத்து எடைபோடாதே என்கிற மாதிரி ஒரு பதிலோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. ஆக, கேள்வி உங்களுக்கும் தெரிந்துதான் இருக்கிறது. வக்கீல் வாயில் அதைப் போட்டீர்கள். வழக்கை மட்டும் நடத்தவில்லை.

லீயின் வாதம் மட்டமானது என்று நான் சொல்லவில்லை. அறிவு வளர்ந்த வேகத்துக்கு மனசு வளரவில்லை, எந்திரத்தைப் படைப்பதும் அதனிடமே அழிவதும் திரும்பத் திரும்ப நடக்கிறது, இந்தச் சக்கரத்தை எங்காவது நிறுத்தியாக வேண்டும் என்பது கேட்க வேண்டிய வாதம். கூட்டம் போட்டுப் பேசி, ஓட்டில் ஜெயித்திருந்தால் நானும் கை தூக்கியிருப்பேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் இன்சுலின் ஊசியோடு ஒரு தாய் எழுந்து நின்றிருப்பாள். டாக்டர் காட்டில் (Cottle) சிகரெட்டை வாயில் வைத்தபடி, அடுத்த பிரசவம் சிக்கலானால் எதை வைத்து அறுப்பேன் என்று கேட்டிருப்பார். அவர்களுக்கு லீ என்ன பதில் சொல்லியிருப்பார் என்பதுதான் நான் பார்க்க ஆசைப்பட்ட கடைசிக் காட்சி.

அந்த முடிவின் விலையைக் கதையே ஒரு வரியில் சொல்லிவிடுகிறது. 1,50,000 ஆண்டுகள் தாண்டி, நியூயார்க் தெருவில் ஒருவர் பத்திரிகை படித்துக்கொண்டு நிற்கிறார். தான்சானியாவில் ஓர் இளம்பெண்ணின் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன, அவள் நம் எல்லோருக்கும் ஆதித்தாயாக இருக்கலாம் என்கிறது செய்தி. அவள்தான் ஹீரா, பிறக்கும் முன்பே தன் ரத்தத்தால் ராஸ்லினின் புற்றுநோயை விரட்டிய குழந்தை. இளம்பெண் என்றால், அவள் நரை காணாமலே போய்விட்டாள் என்றுதானே அர்த்தம்? பத்திரிகையைக் கையில் வைத்திருந்தவர் நீங்கள்தான். உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று படித்த இரண்டு பேரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் எடுத்துக்கொண்டேன்.

ராப்டர் விண்கலத்தில் உயிர் பிரிந்த ராஸ்லினின் விரலில் அட்மிரல் அடாமா தன் மோதிரத்தைப் போட்டுவிட்டதற்கு உங்களுக்கு என்றும் கடன்பட்டிருக்கிறேன். தனி மனிதர்களை வழியனுப்பத் தெரிந்த உங்களுக்கு, ஒரு குடியரசை வழியனுப்ப நேரம் இல்லாமல் போய்விட்டது என்பதுதான் என் வருத்தம்.

முடிந்த தொடரைத் திருத்தச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. இனி நீங்கள் முடித்துவைக்கப்போகும் எந்தக் கதையிலும், எல்லோரும் சேர்ந்து ஒரு பெரிய முடிவு எடுத்தால், "முடியாது" என்று சொல்ல ஒருவரையாவது எழுந்து நிற்க விடுங்கள். அவர் தோற்றே போகட்டும். பேசிவிட்டுத் தோற்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ரசிகை ஒருத்தி