செக்கப்புக்கு மாமியாரும் கூடப் போகட்டும்



மாசமாக இருக்கும் பெண்ணை மாதாமாதம் செக்கப்புக்குக் கூட்டிப் போவது யார்? புருஷன் என்றால் பைக்கில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு டீக்கடைப் பக்கம் போய்விடுகிறார். இல்லையென்றால் பெற்ற தாய் வருகிறார். ராத்திரி எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பது, யார் எங்கே படுப்பது, காலையில் யார் முதலில் எழுந்து வாசல் தெளிப்பது என்று முடிவு செய்கிற மாமியார் மட்டும் வருவதே அபூர்வம். அவர்தான் முதலில் வரவேண்டியவர் என்பது என் கட்சி.

என் தம்பி மனைவிக்கு இது ஆறாவது மாதம். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நான்தான் துணைக்குப் போனேன். எடை, பிரஷர், வயிற்றை அளப்பது, குழந்தையின் இதயத் துடிப்பு எல்லாம் பார்த்தார்கள். ரத்தம் மட்டும் 10.2. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனால் ரத்தசோகைதான். எழுதி முடித்துவிட்டு நர்ஸம்மா, "ராத்திரி தூக்கம் எப்படிம்மா?" என்று கேட்டார். அந்தப் பெண் என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, "பரவாயில்லைங்க" என்றாள். நாத்தனாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேறு என்ன சொல்வாள்! நர்ஸம்மா விவரமானவர். மாத்திரை வாங்கி வரச் சொல்லி என்னை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டார். நான் திரும்பி வருவதற்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

அவள் படுப்பது கூடத்தில். சீரியல் எல்லாம் முடிந்து டி.வி.யை அணைக்கப் பத்தரை, பதினொன்று ஆகும். எல்லாரும் சாப்பிட்ட பிறகு கடைசியாகச் சாப்பிட்டு, பாத்திரம் ஒழித்துப்போட்டுவிட்டு உடனே படுத்தால் நெஞ்சு கரிக்கிறது. நடு ராத்திரியில் கெண்டைக்கால் சுண்டி இழுக்கிறது. காலை ஆட்டிக்கொண்டே இருக்கணும் போல ஒரு குறுகுறுப்பு வேறு. திரும்பிப் படுக்கவும் பயம். "எழுந்து உட்கார்ந்துதான் திரும்பணும், இல்லேன்னா குழந்தைக்குக் கொடி சுத்திக்கும்" என்று அம்மா (அதாவது அவள் மாமியார்) சொல்லியிருக்கிறார். போதாததற்கு, வலப்பக்கம் படுத்தால் குழந்தைக்கு ஆபத்து என்று செல்போனில் யாரோ பேசியதைக் கேட்டுவிட்டு, இடப்பக்கமே கட்டை மாதிரி கிடந்து தோளெல்லாம் மரத்துப் போகிறதாம்.

மறு வாரம் நர்ஸம்மா வீட்டுக்கே வந்து அம்மாவை உட்காரவைத்துப் பேசினார். குழந்தை பனிக்குடத் தண்ணீருக்குள் தானாக உருண்டு புரளுவதால்தான் கொடி சுற்றுகிறது, தாய் திரும்பிப் படுப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். இடுப்பு வலிக்கு இதமாக இருந்தால் எழுந்து திரும்பட்டும், பயத்துக்காக வேண்டாம். இரண்டு முழங்காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு புரண்டாலே வலி குறையுமாம்.

எந்தப் பக்கம் படுப்பது என்பதையும் விளக்கினார். 28 வாரம் ஆனபிறகு தூங்கப் போகும்போது மல்லாந்து படுக்கக் கூடாது. கனத்த கர்ப்பப்பை, முதுகுப் பக்கம் ஓடுகிற பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். குழந்தைக்குப் போகிற ரத்தம் குறையும். நியூசிலாந்தில் நடந்து 2011-ல் வெளிவந்த ஆய்வுக்குப் பிறகு இடப்பக்கம்தான் உசத்தி என்று பேச்சு வந்தது. பிறகு பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2019-ல் பார்த்ததில் இடமும் வலமும் ஒன்றுபோலத்தான் இருந்தது. ஆக, ஒருக்களித்துப் படுத்தால் போதும். தூக்கத்தில் மல்லாந்துவிட்டால் பதற வேண்டாம், விழிப்பு வந்ததும் திரும்பிக்கொள்ளலாம். என் தம்பி மனைவிக்கு இன்னும் 28 வாரமே ஆகவில்லை. இப்போதே பழகிக்கொண்டால் நல்லதுதான், ஆனால் தோள் மரத்துப் போகிற அளவுக்கு அவஸ்தைப்படத் தேவையில்லை.

தலையணைக்குக் காசு செலவு வேண்டாம். பழைய நூல் சேலை இரண்டைச் சுருட்டி, ஒன்றை முழங்கால்களுக்கு நடுவிலும் ஒன்றை வயிற்றுக்கு அடியிலும் வைத்தால் போதும். கால் இழுத்தால் முழங்காலை நீட்டி, பாதத்தின் விரல்களைத் தன் பக்கமாக இழுத்துப் பிடிக்கணும். நெஞ்சு கரிப்புக்கு, படுக்க இரண்டு மணி நேரம் முன்னாடியே சாப்பிட்டுவிடணும். அந்தக் கால் குறுகுறுப்பு இரும்புச்சத்துக் குறைவாலும் வருமாம். எனவே இரும்புச் சத்து மாத்திரையைத் தவறாமல் போடணும். கால்சியம் மாத்திரையோடும் டீ, காபியோடும் சேர்த்துப் போட்டால் சத்து உடம்பில் சரியாகச் சேராது.

இதில் எதை மருமகள் தானாகச் செய்துகொள்ள முடியும், சொல்லுங்கள்? சேலையைச் சுருட்டிக்கொள்வாள், மாத்திரை போட்டுக்கொள்வாள். ஏழரை மணிக்கு எல்லாருக்கும் முன்னால் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார அவளால் முடியுமா? "டி.வி.யை அணைங்க அத்தே, தூக்கம் வருது" என்று வாய் வருமா? அது பெரியவர்கள் வாயிலிருந்துதான் வரணும். நம் மாமியார்மார் கெட்டவர்கள் இல்லை. "நாங்க அந்தக் காலத்துல நெல்லு குத்திட்டுப் போய்ப் பெத்தோம்" என்பார்கள். நிஜம்தான். ஆனால் அந்தக் காலத்தில் பொழுது சாய்ந்ததும் சாப்பாடு, எட்டு மணிக்கு ஊரே அடங்கிவிடும். அதையும் சேர்த்துச் சொல்லணும் அல்லவா?

தூக்கம் கெடுவதையெல்லாம் மாசமானால் சகஜம் என்று தள்ளிவிடவும் கூடாது. ராத்திரியில் உள்ளங்கை, உள்ளங்கால் விடாமல் அரித்தால் உடனே நர்ஸம்மாவிடம் சொல்லணும். அது ஈரல் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். ஓயாத தலைவலி, கண் மங்கல், திடீரென்று முகமும் கையும் வீங்குவது, உதிரப்போக்கு, குழந்தையின் அசைவு குறைவது, இதற்கெல்லாம் அடுத்த செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்க முடியாது. ராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான்.

மாமியார் கூட வந்தால் மருமகள் வாய் திறப்பாளா என்று கேட்பீர்கள். என் கண் முன்னாலேயே அவள் திறக்கவில்லையே! அதனால் முதல் ஐந்து நிமிடம் பெண்ணிடம் தனியாகக் கேட்கட்டும், பிறகு பெரியவரை உள்ளே அழைக்கட்டும். "அடுத்த முறை மாமியாரோடு வரவும்" என்று நர்ஸம்மாவே அட்டையில் ஒரு வரி எழுதிக் கொடுத்தால், அந்தப் பெண் வீட்டில் போய்த் தயங்கித் தயங்கிக் கூப்பிட வேண்டியிருக்காது.

- ஒரு வாசகி, தஞ்சை மாவட்டம்.