கடற்காற்றும் தாயின் மடியும்



சென்னையிலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குத் தாம்பரம் வழியாகப் பணிக்குச் செல்வோர், 'தாம்பரம் சானடோரியம்' என்னும் இரயில் நிலையத்தை அறிவார்கள். மருத்துவர் சவுரி முத்து 1928இல் 12 படுக்கைகளுடன் தொடங்கிய காசநோய் இல்லமே அப்பெயருக்குக் காரணம். 1937இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. தூய காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவையே அக்காலத்துச் சிகிச்சை.

இந்தச் சிகிச்சை முறையின் வேர்களுள் ஒன்று ஐரோப்பியக் கடற்கரைகளில் இருக்கிறது. கழுத்தில் கட்டிகள் தோன்றும் கண்டமாலையும், எலும்பையும் மூட்டையும் அரிக்கும் காசமும் அன்று ஏழைக் குழந்தைகளை வாட்டின. கடல்நீரும் கடற்காற்றும் அவற்றைத் தீர்க்கும் என்று நம்பினர். இங்கிலாந்தின் மார்கேட் நகரில் 1791இல் ஏழை நோயாளிகளுக்கான கடற்கரை மருத்துவமனை நிறுவப்பெற்றது. பிரான்சின் பெர்க் கடற்கரையில் 1861இல் மரத்தாலான சிறிய மருத்துவமனையும், 1869இல் பெரிய மருத்துவமனையும் குழந்தைகளுக்காகவே எழுந்தன. அங்கே பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து, மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் படுத்த படுக்கையாய்க் கிடந்தனர்.

அவர்களுள் பலர் தேறியதும் உண்மையே. வெயிலும் உணவும் ஓய்வும் உடலுக்கு வலுவூட்டின. ஆனால் நோய்க்கிருமியைக் கொல்லும் ஆற்றல் கடற்காற்றுக்கு இல்லை. அக்கிருமியை இராபர்ட் கோக் 1882இல் கண்டறிந்தார். நோயுற்ற பசுவின் காய்ச்சாத பாலும் அதனைக் குழந்தைகளுக்குக் கொண்டு சேர்த்தது. கிருமியை ஒழிக்கும் மருந்துகள் 1940களில்தான் வந்தன.

மருந்து வந்த பின்னரும் ஒரு கேள்வி நின்றது: நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரிக்கத்தான் வேண்டுமா? அதற்கு விடை தந்தது நமது சென்னை! 1956இல் இங்கு தொடங்கப்பெற்ற காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம், ஏறத்தாழ 190 ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் சானடோரியத்திலும், மறு பிரிவினர் நெருக்கடியான தம் வீடுகளிலும் ஓராண்டு மருந்துண்டனர். 1959இல் முடிவு வெளியாயிற்று. இரு பிரிவிலும் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் நலம் பெற்றிருந்தனர். வீட்டிலிருந்தோரின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகப் பரவவுமில்லை. காரணம் எளிது. சிகிச்சை தொடங்கும் முன்னரே தொற்று பெரும்பாலும் நேர்ந்துவிடுகிறது; மருந்து உள்ளே சென்றபின் பரவும் ஆற்றல் விரைந்து குறைகிறது.

சகோதர சகோதரிகளே! ஒரே அறையில் பலர் தங்கும் தொழிற்பேட்டை வாழ்வில் இவ்வுண்மையை நாம் மறக்கலாகாது. ஆபத்து நோயாளியிடம் இல்லை. நோயை மறைப்பதிலேதான் இருக்கிறது. மகளின் திருமணம் தடைப்படுமே, வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வாரே, வேலை போகுமே என்றஞ்சி இருமலை மறைக்கும் ஒவ்வொரு நாளும் வீட்டிலுள்ள மழலைக்கே கேடு.

இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் இருமல், மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, குழந்தையின் கழுத்தில் கரையாத கட்டி இவற்றில் எது கண்டாலும் அரசு மருத்துவமனையை நாடுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கென மாதம் 1000 ரூபாய் வழங்கும் அரசுத் திட்டமும் உண்டு. நுரையீரல் காசத்திற்குப் பெரும்பாலும் ஆறு மாத மருந்து போதும்; ஆனால் இடையில் நிறுத்தலாகாது. வீட்டிலுள்ள சிறு குழந்தைகளையும் பரிசோதித்து, தடுப்பு மருந்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

அன்று பிள்ளையைக் கடலோரத்தில் விட்டுவிட்டுக் கண்ணீரோடு திரும்பினாள் தாய். இன்று அவள் செய்ய வேண்டியது, பிள்ளையை மடியில் வைத்து வேளை தவறாமல் மருந்தூட்டுவது ஒன்றே!