மங்கிய முகப்பு விளக்கு

பிள்ளையின் கண்பார்வை குறைந்தால் வகுப்பாசிரியர் சொல்லிவிடுவார். வண்டியின் பார்வை குறைந்தால் சொல்வார் எவருமில்லை. நாள்தோறும் இம்மியளவாக மங்குவதால், அதை ஓட்டுகிறவரே அறிவதில்லை. "சாலைதான் முன்னைவிட இருட்டாயிருக்கிறது" என்று குறைப்பட்டுக்கொள்வார். ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் எஸ்.யூ.வி. எனப்படும் உயரமான குடும்ப வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் இதனைச் சற்றுக் கவனிப்பது நலம்.

நம் பகுதியின் இரவுச் சாலை எளிதானதன்று. முன்பு 7ஆம் எண்ணால் வழங்கி இப்போது 44ஆம் எண் பெற்றுள்ள தேசிய நெடுஞ்சாலையில், இரவெல்லாம் லாரிகள் ஓய்வதில்லை. ஆலைகளில் ஷிப்டு முடிந்து நடந்தும் சைக்கிளிலும் வருவோர் ஒருபுறம். பின்விளக்கில்லாத டிராக்டர்கள் மறுபுறம். இவை போதாவென்று, மழைக்காலத்தின் பிற்பகுதியில் கர்நாடகக் காடுகளிலிருந்து வரும் யானைக் கூட்டங்கள் சானமாவுக் காட்டில் தங்கி, பேரண்டப்பள்ளியருகே இந்நெடுஞ்சாலையைக் கடப்பதும் உண்டு. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. தடையைக் கண்டு, பிரேக்கை மிதித்து, வண்டி நிற்பதற்குள் 60, 70 மீட்டர் கடந்துவிடும். விளக்கு 30 மீட்டர் தொலைவே காட்டுமாயின், எஞ்சிய தொலைவைக் கண்ணை மூடிக்கொண்டே ஓட்டுகிறோம் என்பதுதான் பொருள்.

விளக்கு மங்கியதென்று தெரிந்ததும் நம்மவர் செய்வது யாது? பெங்களூரு ஜே.சி. ரோட்டுக்குச் சென்று, 100 வாட் பல்பையோ வெண்ணிற எல்.இ.டி. பல்பையோ வாங்கி மாட்டிவிடுகின்றனர். பெரும்பாலும் இது நோயறியாமல் கொடுத்த மருந்தே ஆகும்.

முதலில் விளக்கின் முகத்தைப் பாருங்கள். முன்னாளில் அது கண்ணாடி. இன்று பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். எளிதில் உடையாது, ஆயினும் வெயிலின் புறஊதாக் கதிர் பட்டுப்பட்டு அதன் காப்புப் பூச்சு தேய, முகம் மஞ்சள் பூத்துப் புகைபடிந்தாற்போல் ஆகிவிடும். அதன்பின் எத்தகைய பல்பு போட்டாலும் ஒளி சிதறுமேயன்றிச் சாலையில் சென்று விழாது. பற்பசை தேய்த்தால் பளிச்சிடும் என்பார்கள். பளிச்சிடும்தான், ஆனால் காப்புப் பூச்சு இல்லாமையால் சில மாதங்களில் மீண்டும் மஞ்சளாகிவிடும். சுற்றிலும் ஒட்டுநாடா ஒட்டி, 1000, 2000, 3000 எண்ணுள்ள உப்புத்தாள்களை நீர் தெளித்து வரிசையாகத் தேய்த்து, பாலிஷ் இட்டு, இறுதியில் புறஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சை அடித்தல் வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகின்றனர். உட்புறத்தில் மஞ்சளோ நீர்க்கோப்போ வெடிப்போ இருந்தால், அல்லது உள்ளிருக்கும் பிரதிபலிப்பான் மங்கியிருந்தால், தேய்ப்பதில் பயனில்லை. விளக்குக் கூட்டையே மாற்றவேண்டும்.

அடுத்தது மின்சாரம். ஒளிக்கும் வோல்ட்டுக்கும் உள்ள உறவு விசித்திரமானது. ஹாலஜன் பல்புக்குச் செல்லும் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஒளி ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு குறைந்துபோகும். துருவேறிய எர்த் கம்பி ஒன்றே இதற்குப் போதும். எஞ்சினை ஓடவிட்டு, விளக்கை ஏற்றி, பாட்டரியிலும் பல்பு ஹோல்டரிலும் அளந்து பார்க்கும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வேறுபாடிருந்தால் குற்றம் பல்பினுடையதன்று. இதைக் கேட்காமல் தாமே அளந்து பார்க்கும் பட்டறைகள் அரிது.

இனிப் பல்பு. பல வண்டிகளில் இன்னமும் இருப்பது எச்4 வகை: தொலைவொளிக்கு 60 வாட், தாழ்வொளிக்கு 55 வாட். தாழ்வொளி இழையின் கீழே சிறு உலோகக் கிண்ணம் ஒன்றுண்டு. ஒளி மேலெழுந்து எதிரே வருபவர் கண்ணில் படாதபடி தடுப்பது அதுவே. அந்த இழை இருக்கவேண்டிய இடத்தில் எல்.இ.டி. சில்லு அமையாவிட்டால் ஒளி கண்டபடி சிதறும். ஓட்டுபவருக்குப் பிரகாசமாகவும் எதிரே வருபவருக்குச் சூரியனாகவும் இருக்கும். 100 வாட் பல்போ, 5 ஆம்பியருக்குப் பதில் 8 ஆம்பியருக்கு மேல் இழுத்து ஹோல்டரை உருக்கிவிடும். ஆகவே வண்டிக்குரிய அளவிலேயே, இரு பக்கமும் ஒருசேர மாற்றுங்கள். கண்ணாடிக் குமிழை விரலால் தொடவேண்டாம். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் மிகுதியாகச் சூடேறிப் பல்பு விரைவில் போய்விடும்.

தொழிற்சாலையிலேயே எல்.இ.டி. விளக்குடன் வந்த வண்டிகளில் பல்பை மட்டும் மாற்ற இயலாதவை மிகுதி. விளக்குக் கூட்டையே மாற்ற நேர்ந்தால் செலவு கணிசமானது.

எல்லாவற்றினும் மேலாகக் கவனிக்கவேண்டியது விளக்கின் கோணம். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 106ஆம் விதி, விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்களை ஒளி கூசச் செய்யலாகாது என்கிறது. நம் வண்டியோ உயரமானது; அதன் விளக்கு எதிரே மொபெட்டில் வருபவரின் முகத்துக்கு நேராக எளிதில் பாய்ந்துவிடும். டிவிஎஸ் 50 பிறந்த ஊரல்லவா ஓசூர்? 1980 முதல் இச்சாலைகளில் கணவனும் மனைவியும் குழந்தையுமாக மொபெட்டில் செல்வது நாம் அறிந்த காட்சி. அவர்கள் கண் கூசித் தடுமாறுவது சாலையோரப் பள்ளத்தில் முடியலாம். முன்னாளில் விளக்கின் நடுவே கறுப்புப் பொட்டு இட்டது இக்கூச்சத்தைத் தணிக்கவே.

சோதிப்பது எளிது. சமதரையில் சுவருக்கு 10 மீட்டர் பின்னே வண்டியை நிறுத்தித் தாழ்வொளியை ஏற்றுங்கள். ஒளியின் மேல்விளிம்பு, விளக்கின் உயரத்துக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் கீழே விழவேண்டும். இடப்புறம் மட்டும் சற்று மேலேறலாம். வண்டியின் கையேட்டில் வேறு அளவு தரப்பட்டிருப்பின் அதனையே கொள்க. பல வண்டிகளில் ஓட்டுநர் பக்கம் 0 முதல் 3 வரை எண்ணிட்ட திருகு ஒன்றுண்டு. அது எதற்கென்று அறியாமலே வண்டியை விற்றுவிடுபவரும் உளர். பின்னிருக்கைகளில் ஆட்களும் மூட்டை முடிச்சுகளும் நிறைந்து வண்டியின் பின்புறம் தாழ்ந்து முகம் நிமிரும்போது, பாரத்துக்கேற்ப 2க்கோ 3க்கோ திருப்பினால் ஒளி கீழிறங்கும். ஊர் சேர்ந்து பாரம் இறங்கியதும் மறவாமல் 0க்குக் கொண்டுவாருங்கள்.