கை கழுவச் சொல்லும் பாடம்

சில மாதங்களுக்கு முன் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தன்சுத்தம் பற்றி வகுப்பெடுக்கப் போயிருந்தேன். சோப்புப் போட்டு இருபது நொடி கை கழுவ வேண்டும் என்று செய்து காட்டி முடித்ததும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். “அக்கா, கக்கூஸ் கழுவிட்டு வந்தா எவ்ளோ நேரம் கழுவணும்? பிளீச்சிங் பவுடர் வாடை போகவே மாட்டேங்குது.”

யார் கழுவுவது என்று கேட்டேன். “நாங்கதான்” என்றாள். அந்த ‘நாங்க’ யார் என்று அவள் விளக்கவில்லை. வகுப்புக்கே தெரிந்திருந்தது. சில தலைகள் குனிந்தன, சிலர் சிரித்தார்கள். பிறகு ஆசிரியரிடம் கேட்டேன். “அவங்களுக்கு இது பழக்கம்தானே மேடம்” என்றார். புகார் எழுதலாமா என்று அவளுடைய அம்மாவிடம் கேட்டதற்கு, “பத்தாவது வரைக்கும் அங்கதானே படிக்கணும், வேணாம்மா” என்றார்.

அரசுப் பள்ளிகளில் சுகாதாரக் கல்வி கட்டாயமாக வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் எந்தச் சுகாதாரக் கல்வி?

இப்போது நடப்பதைப் பாருங்கள். ஆறாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் உடல்நலத்துக்கும் சுகாதாரத்துக்கும் தனிப்பாடமே உண்டு. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் 2020இல் தொடங்கிய பள்ளி நலத் திட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களை நலத் தூதுவர்களாக்கி 11 தலைப்புகளில் வகுப்பெடுக்கச் சொல்கிறது. அதில் பாலினச் சமத்துவம் இருக்கிறது, ஊட்டச்சத்து இருக்கிறது, இணையப் பாதுகாப்புகூட இருக்கிறது. சாதி என்றொரு தலைப்பு இல்லை. இந்த நாட்டில் யார் மலத்தைத் தொட வேண்டும், யார் எந்தத் தண்ணீரைக் குடிக்கலாம் என்று தீர்மானித்துவரும் ஒன்றை விட்டுவிட்டுச் சுகாதாரம் கற்பிக்கிறார்கள்.

விளைவு என்ன? பாடம் நோயின் காரணத்தைத் தனிமனிதரின் அழுக்கில் தேடுகிறது. நகம் வெட்டவில்லை, குளிக்கவில்லை, கொதிக்கவைத்துக் குடிக்கவில்லை என்று பட்டியல் போடுகிறது. குழாய் வராத சேரியிலிருந்து வரும் குழந்தை அந்தப் பாடத்தில் தன்னையே குற்றவாளியாகப் படிக்கிறது.

2022 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் பட்டியல் சாதி மாணவர்களைக் கழிப்பறை கழுவ வைத்த புகாரில், தலைமையாசிரியை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கைதானார். விஷயம் எப்படி வெளியே வந்தது? ஒரு சிறுவனுக்கு டெங்கு வந்தது. எப்படி வந்தது என்று தாய் விசாரித்தபோதுதான் கழிப்பறைக் கதை தெரிந்தது. அதே மாதம் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. அங்கும் முதலில் நோயில் விழுந்தவர்கள் குழந்தைகள். தண்ணீரைச் சோதியுங்கள் என்று சொன்னது மருத்துவமனை.

இரண்டு இடத்திலும் சாதியைக் காட்டிக்கொடுத்தது குழந்தையின் உடம்பு. ‘நீரால் பரவும் நோய்கள்’ பாடத்தில் வேங்கைவயல் இல்லையென்றால், அது யாருடைய நீரைப் பற்றிய பாடம்?

இது புதிய கேள்வியும் அல்ல. பள்ளிச் சிறுவன் அம்பேத்கர் குழாயைத் தொடக் கூடாது. பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் வராத நாளில் தாகத்தோடுதான் இருக்க வேண்டும். தன் தன்வரலாற்றுக் குறிப்புகளில் அவரே இதை எழுதியிருக்கிறார். 1927இல் மகாத் குளத்தில் இறங்கி அவர் அள்ளிக் குடித்ததைச் சமூக அறிவியலில் உரிமைப் போராட்டம் என்று படிக்கிறோம். அதைச் சுகாதாரப் பாடத்திலும் படிக்க வேண்டும்.

உணவுக்கு வருவோம். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21) இந்தியாவில் 15 முதல் 19 வயதுவரையுள்ள பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஓர் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள், நல்லது. கீரை சாப்பிடு, பேரீச்சை சாப்பிடு என்கிறார்கள், அதுவும் சரி. மாட்டு ஈரலில் இருக்கும் இரும்புச்சத்தை எந்த ஆசிரியராவது வாய் திறந்து சொல்கிறாரா? வீட்டில் கிடைக்கும் மலிவான சத்துணவை வகுப்பில் சொல்லக் கூசும்படி நம் பிள்ளைகளை வளர்த்துவிட்டு, சத்துக் குறைவு என்று மாத்திரை நீட்டுகிறோம்.

மாதவிடாய்க்கும் இதே கதைதான். இலவச நாப்கின் கொடுப்பதோடு பாடம் முடிகிறது. ‘தீட்டு’ என்ற சொல்லைத் தொடுவதில்லை. 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளி, மாதவிடாய் வந்த பட்டியல் சாதி மாணவியை வகுப்புக்கு வெளியே படிக்கட்டில் உட்காரவைத்துத் தேர்வெழுதச் செய்தது. நாப்கின் இருந்திருந்தால் அது நின்றிருக்குமா? பெண்ணுடம்பின் மீதான தீட்டும் தலித் உடம்பின் மீதான தீட்டும் ஒரே கிணற்றுத் தண்ணீர். ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைப் பாடமாக்க முடியாது.

“ஜப்பானில் மாணவர்களே பள்ளியைச் சுத்தம் செய்கிறார்களே” என்று உடனே ஒருவர் வருவார். வரட்டும். எல்லாக் குழந்தைகளும் முறைவைத்து, ஆசிரியரும் சேர்ந்து, வகுப்பறையைப் பெருக்கினால் நானும் துடைப்பம் எடுத்துக்கொண்டு வருகிறேன். இங்கே அந்த முறைப்பட்டியலை எழுதுவது சாதி. அதோடு ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் எந்தச் சாதிக் குழந்தையின் கையிலும் இருக்கக் கூடாத பொருள்கள்.

“பிஞ்சு மனசில் ஏன் சாதியை விதைக்கிறீர்கள்?” என்று இன்னொருவர் கேட்பார். அந்த ‘நாங்க’ என்ற சொல்லுக்குச் சிரித்த பிஞ்சுகளுக்கு யார் விதைத்தது?

நமக்குள்ளும் ஒன்று பேச வேண்டும், தோழர்களே. கொலை நடந்தால் தெருவுக்கு வருகிறோம், இடஒதுக்கீட்டில் கை வைத்தால் கொதிக்கிறோம். சுகாதாரக் கல்வியை மட்டும் தொண்டு நிறுவனங்களின் சோப்பு விளம்பரத்துக்கு விட்டுவிட்டோம். அப்படிச் சோப்போடு போனவர்களில் நானும் ஒருத்தி.

கேட்க வேண்டியவை இவை. சுகாதாரப் பாடத்தில் சாதியும் தீட்டும் நோய்க் காரணங்களாக இடம்பெற வேண்டும், ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்து. நலத் தூதுவர்களுக்கான பயிற்சியில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கட்டாயமாக வேண்டும். பள்ளித் தூய்மைப் பணி, சொற்பத் தொகுப்பூதியத்தில் ஒரே சாதிப் பெண்களின் தலையில் விழுவது நிற்க வேண்டும்; கருவிகளோடும் கையுறையோடும் முழு ஊதியத்தோடும் அது முறையான அரசு வேலையாக வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். கல்வி உரிமைச் சட்டம் தனித்தனிக் கழிப்பறையையும் பாதுகாப்பான குடிநீரையும் பள்ளியின் கடமையாக்கியிருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதி பெண்கள் இருக்க வேண்டும், நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு உரிய பங்கு தர வேண்டும் என்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளியில் அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு நம் பெற்றோரை அழைத்துக்கொண்டு போங்கள். கேட்பதற்கு ஒரே ஒரு கேள்வி போதும்: இந்தப் பள்ளியில் கழிப்பறையை யார் கழுவுகிறார்கள்? பதிலைத் தீர்மான நோட்டில் எழுதவையுங்கள். ஒரு தாய் தனியாகக் கேட்டால் அவள் மகளின் படிப்புக்கு ஆபத்து. இருபது பேர் சேர்ந்து கேட்டால் பள்ளிதான் பதில் சொல்ல வேண்டும்.

அந்த மாணவிக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: எவ்வளவு நேரம் கழுவினாலும் அந்த வாடை போகாது தங்கச்சி. அது உன் கையில் இல்லை.