எல்லா வீட்டுக்கும் ஒரே நம்பரா?

தங்கச்சுரங்கம் 2001-ல மூடினதுக்கப்புறம் மாரிக்குப்பம், உரிகம், பங்காருபேட்டைப் பசங்க பல பேர் பெங்களூர், துபாய், சிங்கப்பூர்னு போயிட்டோம். அப்பா அம்மா மட்டும் ஊர்ல. அவங்களைப் பாத்துக்க வீட்டுல கேமரா, வைஃபை. நல்ல விஷயம்தான். என் கோபமெல்லாம் அந்த ரவுட்டரோட நம்பர் மேலதான்.

மாட்ட வர்றவர் பெட்டியில வந்த 192.168.1.1-ஐ அப்படியே விட்டுட்டுப் போயிடறார். கேட்டா, "உள் நெட்வொர்க்குதானே சார், எந்த நம்பரா இருந்தா என்ன?"ங்கறார்.

என்னவா? நீங்க இருக்கிற நாட்டு வீட்டு ரவுட்டரும் பெரும்பாலும் அதே 192.168.1-தான். ஊர் கேமரா 192.168.1.20-னு வைங்க. விபிஎன் போட்டு அதைக் கூப்பிட்டா, உங்க கம்ப்யூட்டர் "இது நம்ம தெரு நம்பராச்சே"ன்னு இங்கேயே தேடும். பங்காருபேட்டைக்குப் போகவே போகாது. மொபைல் டேட்டாவுல தெரியற கேமரா வீட்டு வைஃபையில தெரியலைன்னா, முதல்ல சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

1996-ல வந்த ஆர்.எஃப்.சி. 1918 இதை அப்பவே சொல்லிடுச்சு. உள் உபயோகத்துக்கு மூணு வரிசை: 10-ல ஆரம்பிக்கறது முழுசும் (1,67,77,216 முகவரி), 172.16 முதல் 172.31 வரை (10,48,576), 192.168 (65,536). அதுக்குள்ள குருட்டாம்போக்குல ஒண்ணை எடுங்க, நாளைக்கு ரெண்டு நெட்வொர்க்கை இணைச்சா மோதாதுன்னும் அதுலயே இருக்கு. இத்தனை கோடி அறை காலியா இருக்க, எல்லாரும் ஒரே அறையில நெருக்கியடிக்கணுமா?

அதுக்காக வரிசைக்கு வெளியே போகவும் கூடாது. 1.1.1.1-ஐச் சும்மா கிடக்கற நம்பர்னு உள்ளே போட்டுக்கிட்டவங்க உண்டு. 2018-ல கிளவுட்ஃபிளேர் அதுல டிஎன்எஸ் சேவை தொடங்கினப்போ, அந்த நெட்வொர்க்குகள்லேர்ந்து அதைத் தொட முடியலை.

"கேமரா கம்பெனி ஆப்புல பாத்துக்கலாமே"ம்பீங்க. பாக்கலாம். ஆனா நம்ம அம்மா நடமாடுற ஹாலைப் பாக்க அந்தக் கம்பெனி சர்வர் தயவு வேணும். அது நின்னா கேமராவும் குருடு.

வேலை பத்து நிமிஷம்தான். ஊர் ரவுட்டரைத் தொடவே வேண்டாம், உங்க வீட்டு ரவுட்டரை 10.73.41.1 மாதிரி ஏதாவது ஒண்ணுக்கு மாத்துங்க. தம்பி வீடு, அக்கா வீடுன்னா இன்னொண்ணு. நம்பரைக் காகிதத்துல எழுதி ரவுட்டர் அடியில ஒட்டுங்க.

பேங்க்காரனுக்கு இதுல என்ன வேலைங்கறீங்களா? ரெண்டு பேருக்கு ஒரே கணக்கு எண் கொடுத்தா பணம் யாருக்குப் போகும்? அந்தக் கவலைதான்.